பிச்சாவரம் துடுப்புப் படகு: நெடுவழி மிதிவண்டிப் பயணத்தின் நடுவே ஒரு நல்ல ஓய்வு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இராமேசுவரம் நோக்கி மிதிவண்டியில் செல்பவர்கள் எங்கே நின்று இளைப்பாறலாம் என்று கேட்டால், மாமல்லபுரத்தையும் புதுச்சேரியையும் கடந்து வந்து, சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில் துடுப்புப் படகு ஏறுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே நடத்திவரும் படகுக் குழாமைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் காரிலோ பேருந்திலோ வந்திறங்கி, படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பியவர்கள். நாள் கணக்கில் வெயிலிலும் எதிரே வரும் லாரிகளின் காற்றிலும் மிதித்து வந்த உடம்புக்கு அந்தப் படகுச் சவாரி என்ன தருகிறது என்பது வேறு கேள்வி. அந்த ஒரு கோணத்திலிருந்து மட்டுமே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என்னோடு வந்தவள் என் கல்லூரிக் காலத் தோழி. இருவரும் நாற்பதைக் கடந்தவர்கள். ஆளுக்கொரு கியர் மிதிவண்டி, பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகள், உதிரி டியூப்கள், ஒரு காற்றுப் பம்பு ஆகியவற்றோடு பொங்கல் முடிந்த கையோடு புறப்பட்டோம். இராமேசுவரம் வரை 600 கிலோமீட்டரை ஒட்டிய தொலைவு என்பதால், வேகத்தைப் பற்றி நினைக்காமல், ஊர் ஊராகத் தங்கிச் செல்வது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று தெற்கே போகிறவர்களுக்கு முதுகுப்புறமாக வந்து துணை நிற்கும். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய வெட்டவெளியில் அந்தத் துணையின் அருமை நன்றாகவே தெரிந்தது. அதே சாலையில் அதே மாதத்தில் வடக்கு நோக்கி வருகிறவர்களுக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் பாரமாகிவிடும். ஆகவே திசையைத் தேர்ந்துகொள்ளும் வசதி உள்ளவர்கள் தென்திசையையே தேர்ந்துகொள்ளலாம்.

நண்பர்கள் சேர்ந்து மிதிவண்டியில் நெடுந்தூரம் போவதைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. சேர்ந்து போகிறோம் என்று பெயரே தவிர, பகல் முழுவதும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை. போக்குவரத்து மிகுந்த அந்தச் சாலையில் பக்கம் பக்கமாகச் செல்வது ஆபத்து என்பதால், ஒருவர் முன்னே, மற்றவர் பின்னே என்று சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டியே செல்ல வேண்டியிருக்கிறது. முன்னால் செல்பவருக்குப் பள்ளத்தையும் மணலையும் கவனிக்கும் வேலை; பின்னால் செல்பவருக்கு முன்னவரின் பின்சக்கரத்தையும் முதுகையும் பார்த்துக்கொண்டே வரும் வேலை. பேசுவதென்றால் "பள்ளம்", "பஸ் வருது", "தண்ணி குடிக்கலாமா" என்கிற அளவில்தான். மாலையில் அறைக்குள் போனதும் குளியல், துணி அலசுதல், சாப்பாடு, உறக்கம். இப்படியே நாட்கள் போனால், இருபத்தைந்து ஆண்டு நட்பு உள்ளவர்களுக்கும்கூட, தாங்கள் இருவரும் தனித்தனியே இரண்டு பயணங்கள் செய்துகொண்டிருப்பதைப் போன்ற ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. துடுப்புப் படகில் இருவரும் எதிரெதிரே அமர்கிறார்கள். சாலை பறித்துக்கொண்ட அந்த நேர்முகத்தைப் படகு திருப்பித் தருகிறது என்பதுதான் இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண்.

இரண்டாவது மதிப்பெண் உடம்பின் சார்பில். மிதிவண்டியில் நீண்ட தூரம் செல்பவருக்குக் கால் மட்டும் களைப்பதில்லை. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் மணிக்கணக்காக அழுந்துவதால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. முன்னோக்கிக் குனிந்தபடி தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே செல்வதால் பிடரி இறுகுகிறது. இருக்கையில் அழுந்தும் எலும்புகளைச் சுற்றிய தசை கன்றிப்போகிறது. இவற்றுக்கு ஊர் சுற்றிப் பார்ப்பது மருந்தாகாது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளைகளில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் நடப்பதற்கு மிக நன்றாக இருக்கும். ஆனால் அங்கே நாங்கள் நடந்த நடை மறுநாள் காலையில் கெண்டைக்காலில் வந்து நின்றது. மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பார்க்க வெயிலில் பாறை ஏறி இறங்க வேண்டும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டையின் எதிரே கடற்காற்று வாங்குவது இனிமைதான் என்றாலும், நிழல் குறைவு. படகிலோ வேறொருவர் துடுப்புப் போட, நாம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம். கைகள் எதையும் பற்றியிருக்க வேண்டியதில்லை; கண்கள் சாலையைத் துழாவ வேண்டியதில்லை; காதுகள் பின்னால் வரும் ஹாரனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முழுப் பயணத்திலும் என் தோள்கள் தாமாகவே கீழே இறங்கியதை உணர்ந்த இடம் அதுதான்.

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கிள்ளை வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. இருபுறமும் வயல்கள், பிறகு தென்னை, பிறகு உப்புக் காற்றின் வாடை. சிதம்பரத்தில் இரண்டு இரவு தங்கும்படி அமைத்துக்கொண்டு, பைகளை அறையிலேயே வைத்துவிட்டு, தண்ணீரும் தொப்பியும் பழங்களும் மட்டும் எடுத்துக்கொண்டு விடிகாலையில் புறப்படுவது நல்லது. சுமை இல்லாத மிதிவண்டியில் அந்த 15 கிலோமீட்டரைக் கடப்பதே ஓய்வின் தொடக்கம்போல இருந்தது. ஓய்வு நாளில் மிதிவண்டியையே தொடக்கூடாது என்று கருதுபவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், அடுத்தடுத்து நெடுந்தூரம் மிதித்த கால்களை ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் அவை இறுகிக்கொள்கின்றன. மெதுவாகச் சிறிது தூரம் மிதித்தால் இளகியே இருக்கின்றன. அந்த வகையிலும் இந்தத் தொலைவு மிகப் பொருத்தமானது. பேருந்திலும் போகலாம். கிள்ளையில் இரயில் நிலையம் இருந்தாலும் அங்கிருந்து படகுத்துறைக்கு மேலும் சிறிது தூரம் போக வேண்டும்.

மிதிவண்டிகளை எங்கே விடுவது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு முதல் கவலை. நல்ல பூட்டு ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். இரண்டு வண்டிகளையும் சட்டத்தோடு சட்டமாகச் சேர்த்துப் பூட்டி, பயணச்சீட்டுக் கூடத்துக்கு அருகில், ஆட்கள் நடமாடும் இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். வாயிலருகே இருந்த பெரியவர் "எம்மாந்தூரத்துலேருந்து வர்றீங்கம்மா?" என்று கேட்டுவிட்டு, தாமே நிழலான இடம் காட்டி வண்டிகளை நகர்த்தி வைக்கச் சொன்னார். வெயிலில் நின்ற டயரில் காற்று விரிந்து வெடித்துவிடும் என்று அவர் அஞ்சியது எனக்குப் பிடித்திருந்தது. திரும்பி வரும்வரை வண்டிகள் வைத்தது வைத்தபடியே இருந்தன.

படகுகளில் இரண்டு வகை உண்டு: விசைப்படகு, துடுப்புப் படகு. கூட்டமாக வருகிறவர்களும் நேரம் குறைவாக உள்ளவர்களும் விசைப்படகில் போவார்கள். அகன்ற நீர்ப்பரப்பைச் சுற்றிவர அது உதவும். ஓய்வு தேடி வருகிறவர்கள் அதை ஒருபோதும் தேர்ந்துகொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இயந்திர ஓசையில் பேச முடியாது. குறுகலான கால்வாய்களுக்குள் நுழைய முடியாது. பறவைகள் முன்கூட்டியே பறந்துவிடும். துடுப்புப் படகு மெதுவாகப் போகிறது, ஆழமில்லாத நீரிலும் போகிறது, மரக்கிளைகள் தலைக்கு மேல் கவிந்து நிற்கும் ஓடைகளுக்குள்ளும் போகிறது. சீட்டு வாங்கும்போதே எவ்வளவு நேரம், எந்தப் பகுதிவரை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறும் என்பதால், கிடைப்பதில் நீண்ட நேரச் சவாரியையே வாங்குங்கள். அரை மனத்தோடு குறுகிய சவாரி வாங்கினால், உடம்பு அமைதிகொள்ளத் தொடங்கும்போது கரை வந்துவிடும். உயிர்காப்பு உடையைக் கட்டாயம் அணிந்துகொள்ள வேண்டும். மிதிவண்டியில் தலைக்கவசம் அணியாமல் ஏறாதவர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் படகோட்டி அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். கரையை விட்டு நகர்ந்ததும் எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டார். சத்தம் இல்லாத பக்கம் போனால் போதும், எதையும் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை என்று தோழி சொன்னாள். "அப்ப உள்ளாறப் போயிடலாம்க்கா" என்றவர், அகன்ற நீர்ப்பரப்பைக் குறுக்கே கடந்து, வெளியிலிருந்து பார்த்தால் வழியே இல்லாததுபோலத் தெரிந்த ஓர் இடத்தில் படகைத் திருப்பினார். அதற்குப் பிறகு நீண்ட நேரம் துடுப்பு நீரில் விழும் ஓசையையும் அவ்வப்போது மீன் துள்ளும் ஓசையையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இருபுறமும் சுரபுன்னை மரங்கள் வளைந்த தாங்குவேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. மேலே கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் ஓடை முழுவதும் நிழல். சாலையில் நிழலுக்காக ஒவ்வொரு புளியமரத்தையும் எண்ணிக்கொண்டு வந்த எங்களுக்கு, நகர்ந்துகொண்டே நிழலில் இருக்க முடிகிறது என்பதே பெரிய பேறாகத் தோன்றியது.

சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கி, பிறகு கீழே விழுந்து சேற்றில் குத்திட்டு நிற்கும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தோம். படகோட்டி ஒன்றைத் தொட்டுக் காட்டியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. சற்று உள்ளே வெண்கண்டல் மரங்கள். அவற்றின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில்களைப் போல நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இலைகளோ மரம் உறிஞ்சிய உப்பை வெளியே தள்ளுகின்றன. இலையின் மேற்பரப்பை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தோம். உப்பேதான். பகல் முழுவதும் வியர்த்து, சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடுகளாக உப்புப் பூத்து நின்ற எங்களுக்கு அந்த மரத்தின்மீது தனியான ஒரு நெருக்கம் உண்டாயிற்று. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இந்தக் காட்டில் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால், எது தில்லை என்று தெரியாதவர்கள் எந்தக் கிளையையும் ஒடிக்காமல் இருப்பது நல்லது.

கால்வாய் மிகவும் ஒடுங்கிய ஓரிடத்தில் படகோட்டியே துடுப்பை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் சும்மா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் அமர்ந்துகொண்டார். இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்று நினைக்கிறேன். யாரும் எதையும் விளக்கவில்லை. நீர்க்காகம் ஒன்று வேரின்மீது சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. மீன்கொத்தி இரண்டு முறை எங்களைக் கடந்து பறந்தது. அப்போதுதான் தோழி, தன் வலது முழங்கால் முன்பக்கமாக வலிக்கிறது என்றும், கடலூரைக் கடந்ததிலிருந்தே வலி இருக்கிறது என்றும், நான் வருத்தப்படுவேன் என்பதால் சொல்லவில்லை என்றும் சொன்னாள். சிதம்பரத்தோடு இரயில் ஏறிவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தாளாம். சாலையில் என்றால் அவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தாலும் காற்றில் போயிருக்கும். அறையிலென்றால் களைப்பில் இருவருமே சரியாகப் பேசியிருக்க மாட்டோம். எதிரெதிரே உட்கார்ந்து, செய்வதற்கு வேறு வேலை எதுவும் இல்லாதபோது, எவ்வளவு நாளாக வலி, மிதிக்கும்போது எந்த நிலையில் வலி, படியேறும்போது உண்டா என்றெல்லாம் நிதானமாகக் கேட்க முடிந்தது. முழங்காலின் முன்பக்கத்தில் வலி வருவதற்கு இருக்கை தாழ்ந்திருப்பது ஒரு வழக்கமான காரணம். சுமையாலும் குலுக்கலாலும் அவளுடைய வண்டியின் இருக்கைக் குழாய் சிறிது சிறிதாக உள்ளே இறங்கியிருக்கலாம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. மாலையில் அளந்து பார்த்தபோது நினைத்தபடியே இறங்கித்தான் இருந்தது. மீண்டும் உயர்த்தி, பிடிப்பை நன்றாக முடுக்கி, அன்றாடத் தொலைவையும் குறைத்துக்கொண்டோம். அவள் இரயில் ஏறவில்லை.

திரும்பும் வழியில்தான் படகோட்டி கொஞ்சம் பேசினார். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் இந்த அலையாத்திக் காடு இன்று இவ்வளவு அடர்த்தியாக நிற்பது இயற்கையால் மட்டும் ஆனதன்று. முன்பு வெட்டி அழிக்கப்பட்ட பகுதிகளில் நிலம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து, மரம் முளைக்காத திடல்களாகிவிட்டன. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, கடலின் ஏற்ற இறக்கத்தோடு வரும் ஓதநீர் உள்ளே வந்து வெளியேற வழிசெய்து, கன்றுகளை நட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையின்போது இந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. 2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலைப் பற்றி அவர் ஏதும் சொல்லவில்லை. அலையைப் பற்றித்தான் சொன்னார், அதையும் சில வாக்கியங்களோடு நிறுத்திக்கொண்டார். ஆழமில்லாத ஓரிடத்தில் இருளர் குலப் பெண்கள் சிலர், ஓலையால் முடைந்த பறிக்கூடையை வாயில் கவ்வியபடி, நீரில் கழுத்தளவு அமிழ்ந்து, கைகளால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று தோழி சொன்னாள்; நானும் கைபேசியை எடுக்கவில்லை. நமக்கு ஓய்வாக இருக்கும் அதே நீர் அவர்களுக்கு நாள் முழுவதும் வேலைக்களம் என்பதை அங்கே போகிறவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு; அவற்றில் பெரும்பகுதி அங்கே வருகிறவர்களால் ஏற்படுவது. பத்து மணிக்கு மேல் கூட்டம் ஏறத் தொடங்குகிறது. கையடக்க ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துக்கொண்டு படகில் ஏறிய ஒரு குழுவினரால் அகன்ற நீர்ப்பரப்பு முழுவதும் அதிர்ந்தது. தின்பண்ட உறைகளை நீரில் போட்டவர்களையும் பார்த்தோம். வேர்களுக்கு இடையே சிக்கிக்கொண்ட உறையை ஓதம் எளிதில் வெளியே கொண்டுபோகாது. மூச்சுவேர்களைச் சுற்றிக்கொண்டால் மரத்துக்கே கேடு. ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல், கோடை விடுமுறை நாட்களும் ஓய்வுக்கு ஏற்றவை அல்ல என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். வார நாளின் காலைதான் சரியான நேரம். கால்வாய்க்குள் நிழல் இருந்தாலும் அங்கே போய்ச் சேரவும் திரும்பவும் அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்க வேண்டும். நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்தும் முகத்தைச் சுடும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் புயலும் இருப்பதால் படகுகள் ஓடுவது வானிலையைப் பொறுத்தது. தை, மாசி மாதங்களே பயணத்துக்கும் படகுக்கும் பொருந்தும். வலசை வரும் பறவைகளும் அப்போது இருக்கும்.

படகுத்துறையின் அருகே சாப்பிடுவதைவிட, பழமும் கடலை மிட்டாயும் கையில் கொண்டுபோய், பசியை அடக்கிவைத்துச் சிதம்பரத்துக்குத் திரும்பிச் சாப்பிடுவது மேல் என்பது என் எண்ணம். கத்திரிக்காயைச் சுட்டு மசித்துச் செய்யும் சிதம்பரம் கொத்சு இட்லிக்கும் வெண்பொங்கலுக்கும் மட்டுமல்லாமல், மிதிவண்டிப் பயணியின் வயிற்றுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. புளிப்பும் காரமும் உப்பும் அளவாக இருப்பதால், வெயிலில் சுண்டிப்போன நாக்குக்குச் சாப்பாட்டின்மேல் விருப்பம் திரும்புகிறது. நாங்கள் சாப்பிட்ட சிறிய மெஸ்ஸில் கொத்சு கேட்கக் கேட்க ஊற்றினார்கள். தோழி இரண்டாவது முறை இட்லி கேட்டபோது பரிமாறிய அம்மா, "நல்லா சாப்பிடு கண்ணு, சைக்கிள் மிதிக்கிற புள்ள" என்று சொல்லி, கேட்டதற்கு மேல் ஒன்று வைத்தார்.

தங்கிய விடுதியைப் பற்றி அவ்வளவு மகிழ்ச்சியாக எழுத முடியவில்லை. அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது. ஆனால் மிதிவண்டிகளை உள்ளே வைக்க இடமில்லை என்று முதலில் மறுத்துவிட்டு, நெடுநேரப் பேச்சுக்குப் பிறகுதான் மாடிப்படியின் அடியில் வைக்க ஒப்புக்கொண்டார்கள். நெடுவழிப் பயணிக்கு மிதிவண்டி என்பது வாகனம் மட்டுமன்று, பயணமே அதுதான். அது தெருவில் நின்றால் உள்ளே படுத்திருப்பவருக்கு உறக்கம் வராது. ஆகவே முன்பதிவு செய்யும்போதே, அறை வாடகையைக் கேட்பதற்கு முன், மிதிவண்டிக்கு மூடிய இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். தரைத்தளத்து அறை கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு இரவு தங்குவதாகச் சொன்னால் விடுதிக்காரர்களை இசையவைப்பது சற்று எளிதாக இருக்கிறது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், இருவராகவோ மூவராகவோ செல்பவர்களுக்கு முதலில். பெரிய குழுவாக, நேர அட்டவணையோடு செல்பவர்களுக்குத் துடுப்புப் படகின் பயன் பாதியாகிவிடும். பல படகுகளில் பிரிந்து ஏறி, ஒருவரையொருவர் கூவி அழைத்துக்கொண்டே திரும்புவார்கள். தனியாகச் செல்பவருக்கு அமைதி கிடைக்கும், ஆனால் படகுக் கட்டணத்தை ஒருவரே ஏற்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் வாயிலருகே காத்திருந்து, ஒத்த மனமுடைய யாரையாவது சேர்த்துக்கொள்ளலாம். நீச்சல் தெரியாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. தோழிக்கும் நீச்சல் தெரியாது, கால்வாய்க்குள் நுழைந்த சிறிது நேரத்தில் அவள் படகின் விளிம்பைப் பற்றியிருந்த கையை எடுத்துவிட்டாள். முதுகுவலி உள்ளவர்கள் மட்டும், சாய்ந்துகொள்ள ஒரு சிறிய துண்டையோ காற்றடைக்கும் தலையணையையோ கொண்டுபோவது நல்லது.

சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் ஒரு விருப்பத்தையும் தெரிவிக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் மிதிவண்டிப் பயணிகள் கண்ணில் படாத நாள் இப்போது அரிது. படகுத்துறையில் சட்டத்தைச் சேர்த்துப் பூட்டும்படியான இரும்பு வளையங்கள் சில, தண்ணீர் நிரப்பிக்கொள்ள ஒரு குடிநீர்க் குழாய், காற்றடிக்கும் பம்பு ஒன்று ஆகியவற்றைச் சேர்த்துக்கொடுத்தால், இராமேசுவரம், வேளாங்கண்ணி வழியே போகிறவர்கள் சிதம்பரத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள். அந்த ஒரு நாள் படகோட்டிகளுக்கும் மெஸ் நடத்துகிறவர்களுக்கும் வருமானம்.

புறப்படும் நாளில் சீர்காழிச் சாலையைப் பிடிப்பவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவது நல்லது. கொள்ளிடப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று பலமாக இருக்கும். பைகள் அகன்று தொங்கும் வண்டியை அது எளிதில் தள்ளும். அங்கே கனரக வாகனங்கள் பெருகுவதற்கு முன் பாலத்தைக் கடந்துவிட்டால், தரங்கம்பாடிவரை நிதானமாக மிதிக்கலாம்.